அஞ்சலாட்சிக்கு வந்த குரல்

டாக்டர் எதியேன் தெவாலியே வாழ்நாளில் யாரிடமும் பொய் சொன்னதில்லை என்று அவருடைய இரங்கல் கூட்டத்தில் நான்கு பேர் பேசினார்கள். புதுச்சேரியில், புதிய அலைத்தடுப்புச் சுவருக்கு எதிரே இருக்கும் எங்கள் மருத்துவக் கல்லூரி அரங்கில் அந்தக் கூட்டம் நடந்தது. பிரான்சிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். வெட்டுப்பட்ட குரல் நரம்பை இழை இழையாகப் பிரித்து மறுபடி சேர்க்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய உடற்கூற்று மேதை என்றார்கள். அத்தனையும் உண்மை. கடைசி ஆறு வருடம் அந்த மனிதர் ஏன் கத்தியைத் தொடவில்லை என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் மங்கையர்க்கரசி, மயக்க மருந்து மருத்துவர். பத்தொன்பது வருடம் அவருடைய அறுவை மேசையின் தலைமாட்டில் நின்றவள். எனக்குத் தெரிந்ததை மைக் முன்னால் சொல்ல முடியாது என்பதால் மறுத்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

அவர் ஒரு பொய் சொன்னார். சொன்னபோது அது பொய் என்று அவருக்கே தெரியாது.

தெவாலியே பிரான்சின் மலைப்பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்பாவுக்கு இறைச்சிக் கடை. இவருக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டியை எடுத்தார்கள். எடுக்கும்போது குரலுக்குப் போகும் நரம்பும் அறுபட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்த அம்மா இருபத்திரண்டு வருடம் காற்றாகத்தான் பேசினார். "எங்க வீட்ல எல்லாரும் மெதுவா நடப்போம். தண்ணிக் குழாயைக்கூட மெதுவாத்தான் திறப்போம். அம்மா பேசினா கேக்கணுமே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் மருத்துவம் படித்ததும், அறுவை சிகிச்சையோடு நிற்காமல் உடற்கூற்றியலுக்குப் போனதும் அந்த ஒரு நரம்புக்காகத்தான். அம்மா இருக்கும்வரை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நாற்பது வயதில் புதுச்சேரிக்கு வந்தார். இங்கே எங்கள் கல்லூரியில் உடல் தானம் செய்பவர்கள் அதிகம். வருடக்கணக்காக ஒரே வேலையைச் செய்ய விடும் நிர்வாகமும் இருந்தது. பிணவறை ஊழியர்களிடமும் நர்சுகளிடமும் தமிழ் கற்றுக்கொண்டார். 'ற' மட்டும் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. ஊழியர்கள் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசே என்பார்கள்.

நான் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"சார், ஒரு நரம்பு. ரெண்டு முனை. சேத்துத் தைக்க வேண்டியதுதானே. இதுக்கு ஏன் இத்தனை வருஷம்?"

மேசையிலிருந்து ஒரு தையல் நூலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்த அளவுதான் அந்த நரம்பு. ஆனா இதுக்குள்ள ஆயிரக்கணக்கில இழை இருக்கு மங்கை. சில இழை குரல்நாணைத் திறக்கச் சொல்லும். மூச்சு விட. சில இழை மூடச் சொல்லும். பேச. வெட்டித் தச்சா எல்லாம் கலந்துடும். திறன்னு மூளை சொன்னா மூடும். மூடுன்னு சொன்னா திறக்கும். அந்த ஆளுக்குப் பேச்சும் வராது, மூச்சும் வராது."

"எந்த இழை எதுக்குன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் ஒவ்வொரு உடம்பா பாக்கறேன்."

நானூற்றுப் பன்னிரண்டு உடல்களைப் பார்த்தார். ஒவ்வொரு உடலுக்கும் முன்னால் ஒரு நிமிடம் கைகட்டி நிற்பார். பிறகு குனிந்தால் நிமிர நாலு மணி நேரம் ஆகும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். நரம்பின் இரண்டு முனைகளையும் மெல்லிய கூழ் உறைக்குள் வைத்தால், மோப்பம் பிடித்துப் போவதைப் போல ஒவ்வொரு இழையும் தனக்குரிய இணையைத் தேடி வளர்ந்து சேர்ந்துகொண்டது. பன்றிகளில் சரியாக வந்தது. இறந்தவர் ஒருவரின் குரல்வளையைப் பொருத்தி, அதன் நரம்பை இப்படிச் சேர்த்துப் பார்க்க, ஒரே ஒரு மனிதருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

அந்த ஒருவர் அஞ்சலாட்சி.

பாகூர்ப் பக்கத்து ஊர் அவளுக்கு. அங்கன்வாடியில் வேலை. முப்பத்திரண்டு வயதில், கணவன் தணிகாசலத்தோடு பைக்கில் போகும்போது துப்பட்டா பின்சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கியது. உயிர் பிழைத்தாள். குரல்வளை நொறுங்கிப் போயிருந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு அது வழியாக. பேச்சு இல்லை.

பேச்சு இல்லாமல் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். எழுதிக் காட்டலாம், சைகை செய்யலாம். அஞ்சலாட்சிக்கு ஒரே மகள், பவளம். பிறவியிலேயே பார்வை கிடையாது. விபத்து நடந்தபோது அவளுக்கு நான்கு வயது.

பழைய வீடியோக்களிலிருந்து அஞ்சலாட்சியின் குரலைப் பிடித்துக் கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார்கள். அஞ்சலாட்சி எழுத எழுத அது அவள் குரலிலேயே பேசும். குழந்தை ஓடி வந்து கைபேசியைக் கட்டிக்கொண்டது. அதற்கு முத்தம் கொடுத்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியது. அஞ்சலாட்சி நான்காம் நாள் அந்தக் குரலை அழித்துவிட்டாள்.

தெவாலியே அவளிடம் ஆபத்தை மறைக்காமல் சொன்னார். உயிர் போகலாம். இருக்கிற மூச்சும் கெடலாம். அவள் சிலேட்டில் எழுதினாள்: 'எம் பொண்ணக் கூப்புடணும்.'

அவள் பதினான்கு மாதம் காத்திருந்தாள். பிறகு ஒரு காலையில் கடலூர் சாலையில் ஸ்கூட்டரில் போன ஒரு பெண்ணை லாரி இடித்தது. இவோன், இருபத்தேழு வயது, பிரெஞ்சு கற்றுக்கொடுக்கும் ஆசிரியை. மூளை இறந்துவிட்டது. அப்பா சவரிராயன் நெல்லித்தோப்பில் இருந்தார். எங்கள் ஊரில் சொல்தா என்பார்களே, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர், அப்படி ஒருவர். மனைவி முன்பே போய்விட்டார். வீட்டில் அவரும் மகளும்தான்.

உறுப்பு கேட்கும் பேச்சை வழக்கமாக வேறு குழுதான் நடத்தும். அன்று தெவாலியே தானே போய் உட்கார்ந்தார். நான் உடன் இருந்தேன். சவரிராயன் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். டாக்டர் என்பதைப் பிரெஞ்சுக்காரர்களைப் போலத் தொக்தேர் என்பார்.

"கண்ணு, கிட்னி, ஈரல், எது வேணுமோ எடுத்துக்கங்க தொக்தேர். தொண்டையும் வேணும்னு சொல்றீங்க. அப்ப அவ கொரலு?"

"குரல் போகாது முசே. நாங்க எடுக்கறது ஒரு கருவி. வாய், நாக்கு, மூக்கு, பேசற பழக்கம், எல்லாம் சேந்துதான் குரல். இன்னொருத்தர்கிட்ட அது அவங்க குரலாத்தான் வரும். உங்க மகள் குரல் உங்க மகளோடயே போயிடும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அப்ப சரி. அவளோடயே போவட்டும். வேற எங்கனா கேட்டா என்னால தாங்க முடியாது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அறுவை சிகிச்சை பதினாறு மணி நேரம் நடந்தது. குரல்வளையோடு தொண்டையின் உட்சுவரையும் சேர்த்தே எடுத்து வைத்தார் தெவாலியே. அப்போதுதான் இரத்த ஓட்டம் தடைபடாமல் இருக்கும் என்றார். பிறகு நாங்கள் காத்திருந்தோம். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது.

நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அஞ்சலாட்சி கழுத்துக் குழாயை விரலால் மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். "பவளம்" என்றாள். தெளிவாக, அழகாக, இளசான ஒரு குரல். தெவாலியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. தன் அம்மாவை நினைத்திருப்பார். நர்சுகள் கைதட்டினார்கள். தணிகாசலம் மட்டும் கொஞ்சம் தயங்கினான்.

"நல்லாத்தான் இருக்கு டாக்டர். யாரோ பேசற மாதிரி இருக்கு" என்றான்.

"கொஞ்ச நாள்ல பழகிடும்" என்றேன் நான்.

இரண்டு மாதம் கழித்து அஞ்சலாட்சி தனியாக வந்தாள். குழாயை எடுத்தாயிற்று. பச்சைப் புடவையில் ஆரோக்கியமாக இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுதாள்.

"இந்தக் கொரல மாத்திடுங்க டாக்டரு."

தெவாலியே முன்னால் சாய்ந்தார். "வலிக்குதா?"

"வலியில்ல. எம் பொண்ணு எங்கிட்ட வரமாட்டேங்குது. நான் பேசாம ஒக்காந்திருந்தா வந்து மடியில படுத்துக்குது. கைய மோந்து பாக்குது, அம்மாங்குது. வாயத் தொறந்தா எழுந்து அந்த மூலைக்குப் போயிடுது. நாந்தான்டி அம்மான்னா, இல்ல, நீங்க யாரோ அக்காங்குது. நான் இருக்கேன்னு தெரியணும்னுதான இத்தன பாடும் பட்டேன். இப்ப எம் பொண்ணோட இருக்கணும்னா நான் வாய மூடிட்டு இருக்கணும்."

"நாள் ஆகும் அம்மா."

"ரெண்டு மாசமாச்சு. தினமும் சோறு ஊட்டும்போது கத சொல்றேன். தூரமா ஒக்காந்து கேக்குது. கிட்ட வரல."

அவள் போனதும் தெவாலியே அவளுடைய கோப்பை மூடி வைத்தார். "யாரோ அக்கா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதே வாரம் சவரிராயன் வந்தார். முன்கூட்டிச் சொல்லாமல், வெயிலில் நடந்து, சட்டை நனைந்து வந்தார். பெரிய மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், கறிவேப்பிலை கொஞ்சம் கூடப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"நான் திரும்பல தொக்தேர். திரும்புனா அவ இருக்கமாட்டான்னு தெரியும். அப்பிடியே நின்னேன். கீரக்காரம்மா என்ன ஆச்சு ஐயான்னுது. அப்பறம் அந்தப் பொண்ணே வந்து எனக்குத் தண்ணி குடுத்துச்சி. குடிங்க ஐயான்னுது. பேச்சு வேற. பாகூர்ப் பக்கத்துப் பேச்சு. கொரலு என் இவோனுது."

"முசே, துக்கத்தில சில நேரம்..."

"நான் ஆப்பிரிக்காவுல, ஜிபுத்தியில, ராணுவ ரேடியோ பாத்தவன். நூறு கொரலு எரைச்சலுக்கு நடுவுல எவன் பேசறான்னு சொல்லுவேன். எம் பொண்ணு கொரலு எனக்குத் தெரியாதா?"

இவோன் கடைசியாக அனுப்பிய குரல் செய்தி அவரிடம் இருந்தது. வீட்டுக்கு வரும்போது ரொட்டி வாங்கி வரவா என்று கேட்கும் பதினோரு விநாடிகள். அதையும் அஞ்சலாட்சியின் பரிசோதனைப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டோம். ஒரே குரல். மூன்றாவது முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

சவரிராயனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டு வந்தபோது தெவாலியே தன்னுடைய நரம்புப் படங்களை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"எப்படி சார்? அது வெறும் கருவின்னு சொன்னீங்களே."

"பாதி நரம்பு சேந்திருந்தா வெறும் கருவியாத்தான் இருந்திருக்கும். யாரோட குரலும் இல்லாம ஒரு சத்தம் வந்திருக்கும். ஒரு இழைகூட விடாம எல்லாம் சேந்துடுச்சு. அந்தப் பொண்ணோட தசை எப்படி இழுக்குமோ அப்படியே இழுக்குது. தொண்டைச் சுவரையும் நானே வச்சேன்." படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "நான் ரொம்ப நல்லா செஞ்சிட்டேன் மங்கை. அதான் தப்பு."

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். நிச்சயமாவான்னு அவர் கேட்டார். நிச்சயமான்னு சொன்னேன்."

அவர் சவரிராயன் முன்னால் போய் நின்று, தான் சொன்னது தவறு என்றார். பிரெஞ்சில் சொன்னார், பிறகு தமிழிலும் சொன்னார். அந்தப் பெண் தன் குரலை மாற்றச் சொல்லிக் கேட்பதையும் மறைக்கவில்லை. அவள் குழந்தையைப் பற்றிச் சொன்னார். சவரிராயன் முழுவதையும் கேட்டார்.

"வேற எங்கனா கேட்டா தாங்கமாட்டேன்னு சொன்னேன்ல" என்றார். "அன்னைக்குத் தெரியல. இப்பச் சொல்றேன், மாத்தாதீங்க. மாசத்துக்கு ஒருவாட்டி மார்க்கெட்டுல பின்னாடி நின்னு கேட்டுட்டுப் போயிடறேன். அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது."

"அது இப்ப அவங்க தொண்டை முசே."

"கொரலு?"

தெவாலியே ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"அவ கொரல மெஷின்ல போட்டுத் தரேன்னு ஒருத்தன் சொன்னான். கேட்டேன். அதுல மூச்சு இல்ல தொக்தேர். இதுல மூச்சு இருக்கு. ஒருவாட்டி லாரிக்காரன் எடுத்தான். நீங்க ரெண்டாவதுவாட்டி எடுக்காதீங்க."

அன்றிலிருந்து மூன்று வாரம் தெவாலியே சரியாகச் சாப்பிடவில்லை. சட்டப்படி யோசிக்க ஒன்றுமில்லை. நோயாளி கேட்கிறாள், அவளுக்குச் செய்ய வேண்டும். குரல்நாணைக் கொஞ்சம் தடிமனாக்கி, இழுவையைத் தளர்த்தினால் பழைய குரலுக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். ஆனால் ஒருமுறை மாற்றினால் திரும்பாது. கடைசியில் அஞ்சலாட்சியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அது யாருடைய குரல் என்பதையும், மார்க்கெட்டில் அவள் தண்ணீர் கொடுத்த மனிதர் யார் என்பதையும்.

அவள் தன் கழுத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் அவர பாக்கணும். அந்தப் பொண்ணு மூச்சதான் விட்டுட்டிருக்கேன். பாக்காம எப்பிடி மாத்தறது" என்றாள்.

தெவாலியேவின் அறையில் ஒரு மத்தியானம் அந்தச் சந்திப்பு நடந்தது. அலமாரி முழுக்கக் குரல்வளை பொம்மைகள். அவர் அவற்றின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவைத்தார். நானும் அவரும் சன்னலோரம் நின்றோம். சவரிராயன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அஞ்சலாட்சி எழுந்து கும்பிட்டாள். வாயைத் திறக்கப் பயந்தாள்.

"ஒக்காரும்மா."

"நான் என்ன சொல்லணும் ஐயா? அவங்க உங்கள எப்பிடிக் கூப்புடுவாங்க, அப்பிடிக் கூப்புடவா?" என்றாள்.

அந்தக் குரல் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலையை அசைத்தார்.

"வேணாம்மா. அப்பிடிக் கூப்புட்டா நான் இங்கேருந்து எழுந்து போவமாட்டேன். நீங்க உங்க வூட்டு விஷயம் பேசுங்க. நான் சும்மா கேக்கறேன்."

அஞ்சலாட்சி பேசினாள். முதலில் தடுமாறி, பிறகு தன் போக்கில். அங்கன்வாடியில் முட்டை வேகவைக்கும் விதம், பாகூர் ஏரி நிரம்பினால் வரும் பறவைகள், தணிகாசலத்துக்குச் சுண்டைக்காய் பிடிக்காதது, பவளம் மழை வருவதை எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் ஒருமுறை சிரித்தாள். சவரிராயனின் கை நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றியது. பிறகு தளர்ந்தது.

அவள் நிறுத்தியதும் கண்ணைத் திறந்தார்.

"இது எம் பொண்ணு இல்ல. அவ இவ்ளோ பொறுமையாப் பேசமாட்டா. எங்கிட்ட பேசும்போது பாதியில எழுந்து போயிடுவா." எழுந்து நின்றார். "உங்க கொழந்த உங்ககிட்ட வரணும்மா. மாத்திக்கங்க. நான் இனிமே மார்க்கெட்டுக்கு வரல."

அவள் அவர் காலில் விழப் போனாள். அவர் தடுத்தார். வாசலில் தெவாலியேவைப் பார்த்து நின்று, பழைய ராணுவப் பழக்கத்தில் ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது அறுவை சிகிச்சை மூன்று மணி நேரம்தான். நான் மயக்கம் கொடுத்தேன். தெவாலியேவின் கை எப்போதும் போலத்தான் வேலை செய்தது. குரல்நாணில் கத்தியை வைப்பதற்கு முன் சிறிது நேரம் நின்றார். நானூற்றுப் பன்னிரண்டு உடல்களின் முன்னால் நின்றதுபோல, கையைக் கட்டிக்கொண்டு. பிறகு வேலையை முடித்தார்.

நன்றாகவே வந்தது. ஆறு வாரத்தில் அஞ்சலாட்சி பேசினாள். அவளுடைய பழைய குரல் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் தணிகாசலம் கேட்டவுடன் அழுதுவிட்டான். பவளம் படியில் தடவித் தடவி ஏறி வந்து, அம்மாவின் கழுத்தில் கையை வைத்து, "பேசு" என்றாள். "என்ன பேசணும்" என்றாள் அஞ்சலாட்சி. "அம்மாதான்" என்று குழந்தை எங்கள் எல்லோருக்கும் அறிவித்தது.

தெவாலியே அன்று பல மாதங்களுக்குப் பிறகு முழுச் சாப்பாடு சாப்பிட்டார்.

அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து. அஞ்சலாட்சி குழந்தையையும் அழைத்து வந்திருந்தாள். நான் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பவளம் தெவாலியேவின் மேசையைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரு தாத்தா, அந்த அக்கா எங்க போயிட்டாங்க?"

"எந்த அக்கா?"

"எங்க வூட்டுல இருந்தாங்களே, பேசற அக்கா. அம்மா பக்கத்துலயே இருப்பாங்க. கத சொல்லுவாங்க. அம்மா பேச ஆரம்பிச்சதுலேருந்து வரமாட்டேங்குறாங்க. அம்மாவக் கேட்டா அழுவுது. நான்தான் கிட்ட போவலன்னு கோச்சிக்கிட்டுப் போயிட்டாங்களா?"

அஞ்சலாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் கேள்வி ஒரு மாதமாக அவள் காதில் விழுந்து வருகிறது என்று புரிந்தது.

தெவாலியே நாற்காலியிலிருந்து இறங்கி, குழந்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அறுபத்தொரு வயது. முழங்கால் வலி உள்ளவர்.

"அந்த அக்கா பேரு இவோன்" என்றார். "கோவம் ஒண்ணும் இல்ல. அவங்க செத்துட்டாங்க."

"எப்ப?"

"முன்னாடியே. உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே."

குழந்தை யோசித்தது.

"செத்துட்டாங்கன்னா அப்ப யாரு பேசினா?"

நாற்பது வருடம் தொண்டையைத் திறந்து பார்த்த மனிதர் அவர். அந்த நரம்பில் எந்த இழை எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவார். தனக்குத் தெரியாது என்று குழந்தையிடம் சொன்னார். இந்த முறை நிச்சயம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

மறுநாள் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்தார். இனி உடற்கூற்று வகுப்பு மட்டும் எடுப்பதாக எழுதியிருந்தார். அவருடைய முறையை இன்று பல ஊர்களில் செய்கிறார்கள். முதல் அறுவையிலேயே குரலை மாற்றிவிடுகிறார்கள். ஒப்புதல் படிவத்தில், தானம் செய்பவரின் குரல் கேட்கக்கூடும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவர் அவர்தான்.

அந்த வாரக் கடைசியில் அஞ்சலாட்சி எனக்குப் போன் செய்தாள். பவளம் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இவோன் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். "போலாமா மேடம்? அந்த ஐயா என்ன நெனைப்பாரோ." நானும் தெவாலியேவும் அவர்களை நெல்லித்தோப்புக்கு அழைத்துப் போனோம்.

சவரிராயன் கதவைத் திறந்தபோது அஞ்சலாட்சி தன் புதுக் குரலில் வணக்கம் சொன்னாள். அவர் முகம் ஒரு கணம் எதையோ தேடியது. இல்லை என்று தெரிந்ததும் தணிந்தது. குழந்தையைப் பார்த்தார்.

"எம் பொண்ணு உங்கள அக்காவோட வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவச் சொல்லுது ஐயா" என்று அஞ்சலாட்சி சொல்லத் தொடங்கினாள். சொல் குழம்பி நின்றுவிட்டாள்.

"நீங்க இவோன் அக்காவோட அப்பாவா?" என்று பவளமே கேட்டாள்.

"ஆமா."

"அக்கா உங்களுக்கும் கத சொல்லுவாங்களா?"

அவர் குனிந்து அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். "கதையா? எங்கிட்ட சண்டதான் போடுவா."

"எங்கிட்ட சண்டையே போட்டதில்ல."

"அப்பிடியா? உங்கிட்ட என்ன பேசுவா?"

பவளம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னாள். சோற்றில் நெய் விட்டால் பிடிக்குமா என்று கேட்பாளாம். பாகூர் ஏரிக்கு எங்கிருந்தோ பறந்து வரும் கொக்கின் கதை சொல்வாளாம். மழை வருதா சொல்லு என்பாளாம். நீ ரொம்ப கெட்டிக்காரி என்பாளாம். சவரிராயன் தன் காதை அவள் வாய்க்கு அருகில் கொண்டுபோனார். ஒவ்வொன்றுக்கும் "அப்பறம்?" என்றார். அவருடைய மகளிடம் அவருக்குத் தெரியாத ஒரு மென்மை இருந்திருக்கிறது என்று கேட்பவர்போல அவர் முகம் விரிந்துகொண்டே போனது.

"ஒருநாளு அழுதாங்க தாத்தா. ஏன் அழுவுறீங்கன்னேன். எங்கிட்ட வாயேன்னாங்க. நான் போவல."

"ஏம்மா போவல?"

"அம்மாவுக்குப் பேச வராதுல்ல. நான் பேசற அக்காகிட்ட போனா அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும். அதான் போவல. எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சி."

தெவாலியே கதவருகில் நின்றிருந்தார். அவர் சவரிராயனைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்க்கவில்லை. அஞ்சலாட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெய்யும் கொக்கும் மழையும், வாயேன் என்று அழுததும், எல்லாம் அவள் பேச்சு. அதை ஒரே ஒரு வார்த்தையில் அவள் சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னால் குழந்தை நம்பவும் கூடும்.

அவள் சவரிராயனின் முகத்தைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"அப்பறம்?" என்றார் அவர்.

பவளம் தொடர்ந்து சொன்னாள்.